மணமகனின் தொழில்

தம்பி,

உன் கூட்டாளி எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறான். சனிக்கிழமை உன் கலியாண மண்டபத்தில் டோஸ்ட்மாஸ்டராக நின்று எல்லாரையும் பேச அழைக்கப் போகிறவன் அவன்தானாம். யார் பேசுவது, எத்தனை நிமிடம், சாப்பிட ரோல்ஸ் முதலில் வருமா பேச்சு முதலில் வருமா என்றெல்லாம் கேட்டிருக்கிறான். நோர்வேக்காரர் கலியாணங்களில் ஒருவர் மாறி ஒருவர் எழும்பி, கிளாசைத் தட்டிப் பேசுவதைப் பார்த்து நீங்களும் பழகிவிட்டீர்கள். எங்கள் காலத்தில் கலியாண வீட்டில் எழும்பிப் பேசினவர் ஒருவர்தான், அவரும் குடித்திருப்பார். எனக்கும் ‘மணமகனின் தாய், மூன்று நிமிடம்’ என்று நேரம் ஒதுக்கியிருக்கிறான். அதற்குக் கீழே உங்களை அறிமுகம் செய்து வைப்பதற்காக ஒரு கட்டம் இருக்கிறது: மணமகனின் தொழில். அந்தக் கட்டத்தை ஐந்து நாளாக நான் நிரப்பவில்லை.

மூன்று நிமிடத்தில் முடிகிற கதை என்னிடம் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதுமில்லை. நீ கட்டப் போகிற டிலானி படிக்கலாம், அவளைப் பெற்றவர்கள் படிக்கலாம், உன் அப்பா தன் கண்ணாடியைத் தேடி எடுத்தால் அவரும் படிக்கலாம். சனிக்கிழமை தவறாமல் ஸ்டோவ்னரில் ரயிலேற்றி உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனவள் நான். கடினமாக இருக்கிறது, நோர்வேஜிய மொழியில் சொல்லுங்கோ என்று போன் எடுக்காதே. எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசி.

உன் தொழிலை நான் மதிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சொல்லப் போவதை நீ பிழையாக விளங்கிக்கொள்ள மாட்டாய். இருபத்திரண்டு வருடமாக நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்களுடைய தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, பல்லுக் கழுவி வைக்கிறேன். என் வேலை முடிகிற நேரத்தில் ஒரு கிழவி சுத்தமான சட்டையோடு யன்னலோரம் இருப்பாள். உன் வேலை முடிகிற நேரத்தில் என்ன இருக்கும்? ஒரு மேசை, அதைச் சுற்றி முகம் செத்த எட்டுப் பேர், அவர்களில் ஏழு பேருக்கு வயிற்றெரிச்சல். இதைத் தொழில் என்று நீ சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிந்ததும் எரிச்சல் வரும்.

“அம்மா, இது அதிர்ஷ்டமில்லை, கணக்கு” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். கணக்கென்றால் வீட்டுக்குள் ஏன் கறுப்புக் கண்ணாடி என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நல்ல வெயில் காலத்தில் தலையை மூடிய சட்டை எதற்கு என்றும் தெரியாது. ஒருநாள் பொறுமையாக இருந்து எனக்கு விளங்கப்படுத்தினாய். வருகிற சீட்டுகளில் அநேகத்தைப் பார்த்த உடனே எறிந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமாம். சும்மா இருக்கத் தெரியாதவன்தான் தோற்பானாம். பிரியாணிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டேன். சும்மா இருப்பதற்குத் துரொண்ட்ஹைம் வரை போய்ப் படிக்க வேண்டியிருந்ததா என்று அப்போதே கேட்க நினைத்தேன், வெங்காயம் கண்ணைக் கரித்ததில் விட்டுவிட்டேன்.

படிக்கத்தான் உன்னை அங்கே அனுப்பினோம். மூன்றாம் வருடம் பங்குனி மாதம், நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன், நீ போன் எடுத்தாய்.

“அம்மா, நான் படிப்பை நிப்பாட்டிப் போட்டன்.”

“ஏன், ஏதும் வருத்தமோ?”

“இல்லை. போக்கர் விளையாடப் போறன். முழுநேரமா.”

“ஆரோடை?” என்று கேட்டேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

உன் அப்பா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, “அவன் கள்ளம் செய்யேல்லைத்தானே” என்றார். அவர் வேறென்ன சொல்வார். பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்ட முதலே மண்டபத்து மூலையில் மேசை போட்டு 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிற கூட்டத்தின் தலைவர் அவர். அந்த மேசையில் எஞ்சினியர் இருக்கிறார், பல் வைத்தியர் இருக்கிறார், கோயில் சபைத் தலைவர் இருக்கிறார். அப்பா துரும்புச் சீட்டை ஒளித்துவிட்டார் என்று பல் வைத்தியர் ஆறு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. அந்த மரியாதைக்குரிய மனிதர்கள்தான் உன் கதை தெரிந்தால் “சூதாடியோ” என்று வாயில் கைவைப்பார்கள். அவர்களையும் நான் மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் வாய்க்குப் பயந்தேன். அதுதான் இந்தக் கதை.

பிறகு மால்டாவுக்குப் போனாய். ஒரு வீட்டில் ஐந்து பெடியன்கள், ஐந்து பேருக்கும் பெரிய கணினித் திரைகள், ஒருவருக்கும் ஒரு நல்ல சட்டி இல்லை. பார்க்க வந்த நான் முதல் வேலையாகக் கடைக்குப் போய்ச் சட்டி வாங்கினேன். நீங்கள் ஐந்து பேரும் முதல்நாள் விளையாடினதைத் திரையில் திரும்பப் போட்டு, இந்த இடத்தில் ஏன் காசு கட்டினாய், அந்த இடத்தில் ஏன் சீட்டை விட்டாய் என்று காலை முழுவதும் வாதாடினீர்கள். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட நீ அவ்வளவு நேரம் ஆயத்தம் செய்ததில்லை. ஒரு போட்டிக்குக் கட்டுகிற காசைக் கொடுத்து, வெல்வதில் பிரித்துக்கொள்ள, உன்னில் ஐந்தாறு பேர் பங்கு வாங்கியிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். “பங்கு போட நீ என்ன ஆட்டுக்கிடாயோ?” என்று கேட்டேன். நீ சிரித்தாய், எனக்கு அது சிரிப்புக் கதையில்லை. ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள். அந்த ஆட்டுக்கு அதில் என்ன இலாபம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வென்ற வருடம் எனக்கு ஒரு தானியங்கித் தூசி உறிஞ்சி வாங்கி அனுப்பினாய். அது போன இடமெல்லாம் நான் பின்னால் தும்புத்தடியோடு போகிறேன். தோற்ற வருடம் எங்கள் வீட்டில் வந்து மூன்று மாதம் இருந்தாய். என்னடா நடந்தது என்றால், “அது வேரியன்ஸ், அம்மா” என்றாய். நல்லாய் விளையாடியும் தோற்கிற காலம் வருமாம், பொறுத்திருக்க வேண்டுமாம். தலைவிதி என்று நாங்கள் ஒரு சொல் வைத்திருந்தோம், அதை நீங்கள் வெள்ளைக்காரச் சட்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்த மூன்று மாதமும் நீ சிடுசிடுக்கவில்லை, குடிக்கவில்லை, கோப்பை கழுவினாய், அப்பாவோடு நடக்கப் போனாய். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என் பக்கம். ஒருநாள் நீ, “நான் நாள் முழுக்க டேட்டாதான் அம்மா பாக்கிறன்” என்றாய். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. லண்டனிலிருந்து உன் பெரியம்மா போன் எடுத்தபோது, நீ பெரிய கம்பனி ஒன்றில் தரவு ஆய்வு செய்வதாகச் சொன்னேன். கனடாவுக்கும் அதுவே போனது. கோயிலில் கேட்டவர்களுக்கு, வெளிநாட்டுக் கம்பனி, வீட்டிலிருந்தே வேலை, அடிக்கடி பயணம் என்று காதும் மூக்கும் வைத்தேன். உனக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிந்துதான் மறைத்தேன். நீ ஒருமுறை கேட்டுவிட்டுச் சொன்னாய்: “என்னை ஆரும் கேட்டா உண்மை சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை நான் தடுக்கேல்லை.” எனக்கு அது திமிராகத்தான் தெரிந்தது.

தாலின் நகரத்துப் போட்டியில் நீ கடைசி மேசைக்கு வந்தது ஒரு ஞாயிறு பின்னேரம். அப்பா அதைத் தொலைக்காட்சியில் போட்டார். பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, உடுப்பு மடிக்கிற சாட்டில் நானும் இருந்தேன். உன் கையில் ஒன்றுமில்லை என்று திரையில் எங்களுக்குக் காட்டுகிறார்கள், எதிரில் இருக்கிற தாடிக்காரனுக்குத் தெரியாது. அவன் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நீ கண் வெட்டவில்லை, தொண்டை அசையவில்லை. அப்பா, “பாத்தியோ, என்ன உறுதி” என்று துள்ளுகிறார். என் கையிலிருந்த துவாய் மடிபடாமல் அப்படியே நின்றது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், தம்பி. அதை நீ மால்டாவில் படிக்கவில்லை.

உனக்கு ஒன்பது வயது. அப்பா வெதுப்பகத்தில் மா மூட்டை தூக்கி முதுகை முறித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். முதுகு சுகமான பிறகும் எழும்பவில்லை. இரண்டு மாரிகாலம் சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவர் இந்த நாட்டின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வெட்டின மீன், ஊரில் பார்த்த சாவு, எது அவரைப் படுக்க வைத்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. எனக்கிருந்த ஒரே பயம் சனம் அறிந்துவிடும் என்பதுதான். நான் வேலைக்குப் போன நேரத்தில் போன் வந்தால் எடுக்கிறவன் நீ. அதனால் உன்னைப் பழக்கினேன். குசினி மேசையில் எதிரெதிரே இருந்து, நான் போன் எடுக்கிற மாமியாக நடிக்க, நீ பதில் சொல்லிப் பழகினாய். “அப்பா வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லு. குரல் நடுங்கக் கூடாது. கனக்கக் கதைக்காதை. அவை கேள்வி கேட்டா நீ ஒரு கேள்வியைத் திருப்பிக் கேள்.” இதையெல்லாம் சொன்னவள் நான்தான். இப்போது இதற்கு ஆட்கள் காசு வாங்கி வகுப்பு நடத்துகிறார்களாம்.

ஒருநாள் கோயில் சுவாமியாரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அப்போதுதான் மேலங்கியைக் கழற்றுகிறேன். வாசலில் நின்று, “அப்பா எங்கை ராசா?” என்று கேட்டார். எட்டடி தள்ளி, மூடின கதவுக்குப் பின்னால் அப்பா கிடக்கிறார். நீ நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்து, “அப்பா வேலைக்குப் போட்டார், சுவாமி. உங்களுக்குத் தேத்தண்ணி போடட்டோ?” என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு உனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தேன். சுவாமியார் போன பிறகு அறைக்குள்ளிருந்து உன் அப்பா கேட்டார்: “நான் இருக்கிறன் எண்டு சொல்ல இந்த வீட்டிலை ஒருத்தரும் இல்லையோ?” “சும்மா கிடவுங்கோ” என்று சொல்லிவிட்டு நான் உனக்குச் சோறு போட்டேன். நீ அந்த முட்டையை, முகத்தில் ஒன்றுமே இல்லாமல், சாப்பிட்டு முடித்தாய்.

அதன் பிறகு உன் முகத்திலிருந்து எதையும் என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினாயா, யாரையாவது விரும்பினாயா, ஒன்றும் தெரியாது. டிலானியைப் பற்றிக்கூட நீ வாய் திறந்து சொல்லித்தான் அறிந்தேன். துரொண்ட்ஹைமில் கூடப் படித்தவள், மருந்தகத்தில் வேலை, லில்லெஸ்ட்ரோமில் வீடு, நம்மைப் போலக் கத்தோலிக்கம். எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதனால் தேடினேன்.

இந்த நாட்டில் யாருடைய வருமானமும் மூடு மந்திரமில்லை. வரித் திணைக்களத்தின் இணையப் பக்கத்துக்குள் போய்ப் பெயரைப் போட்டால் வந்துவிடும். நம் சனத்துக்குக் கலியாணத் தரகரும் அதுதான், சாத்திரியாரும் அதுதான். மாசி மாதம் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் டிலானியின் தகப்பன் அருளானந்தத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். பஸ் ஓட்டுகிற மனிதர், ஒழுங்கான சம்பளம். திருப்தியாகச் சாப்பிட்டேன். அப்படி யாராவது பார்த்தால், பார்த்தவர் யார் என்று அந்த ஆளுக்குக் காட்டும் என்பது எனக்குத் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான்.

இரண்டு கிழமை கழித்து நாங்கள் மூவரும் லில்லெஸ்ட்ரோம் போனோம். உனக்கு நினைவிருக்கும், புதுக் கதிரைகள், தட்டு நிறையப் பற்றிஸ் பலகாரம், யன்னலுக்கு வெளியே உருகின பனிச்சேறு. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே தொடங்கினேன். “பெரிய கம்பனி ஒண்டுக்குத் தரவு ஆய்வு செய்யிறான். வீட்டிலை இருந்துதான் வேலை.” அருளானந்தம், “ஓம் ஓம், இப்ப கனபேர் அப்பிடித்தான் செய்யினம்” என்றார். அவர் மனைவி பற்றிஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். டிலானி குனிந்து தன் காலைப் பார்த்தாள். நல்ல அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். நீ தாலின் முகத்தோடு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்று சொல்வார்கள், நான் ஒன்றுதானே சொன்னேன் என்று காரில் வரும்போது என்னை நானே தேற்றினேன்.

பிறகு கோயிலில் உங்கள் அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள், இவர்களின் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள். முதல் ஞாயிறு எனக்கு இருமல் வந்தது. இரண்டாம் ஞாயிறு செபமாலையைக் கைப்பைக்குள் தேடினேன். மூன்றாம் ஞாயிறு சாட்டு ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு முன் வரிசை வாங்கில் அருளானந்தம் குடும்பம், அந்தப் பிள்ளையின் பின்னலை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இவளைப் பெற்றவர்களை ஏமாற்றித்தானே இவளை என் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று தோன்றியது. பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடிக்கிற அறையில் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

“அண்ணை, ஒரு விஷயம். பெடியன் கம்பனியிலை வேலை செய்யேல்லை.”

“தெரியும், அக்கா” என்றார். கையிலிருந்த ரோல்ஸைக் கடித்தார்.

“என்ன தெரியும்?”

“மாசியிலை நீங்கள் என்ரை வரியைப் பாத்தனீங்கள். உங்கடை பேர் எனக்கு வந்தது. ஆர் இவை எண்டு நான் பெடியன்ரை பேரையும் போட்டுப் பாத்தன். ஒரு வருஷம் மலை, அடுத்த வருஷம் மடு. மாசச் சம்பளக்காரன்ரை அப்பிடி இராது. மகளைக் கேட்டன், முழுக்கச் சொன்னவள்.”

“அப்ப அண்டைக்கு ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“பெடியனைப் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் சொல்லேக்கை அவன் ஓம் எண்டும் சொல்லேல்லை, தலையும் ஆட்டேல்லை. பிறகு நீங்கள் சப்பாத்துப் போடேக்கை என்னைக் காரடிக்குக் கூப்பிட்டவன். ‘மாமா, அம்மா சொன்னது சரியில்லை. நான் போக்கர் விளையாடுறனான். உங்களுக்கு விருப்பமில்லாட்டி என்னட்டைச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு முன்னாலை வேண்டாம், அவ வெக்கப்பட்டுப் போவா’ எண்டவன்.” அவர் வாயைத் துடைத்தார். “எனக்கு உந்தத் தொழில் பிடிக்கேல்லை, அக்கா. பெடியனைப் பிடிச்சுது.”

எனக்கு நன்றி வரவில்லை, தம்பி, கோபம்தான் வந்தது. அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தோம். அப்பாவிடம் கேட்டேன், மாமாவிடம் உண்மையைச் சொன்னதை அவருக்கும் நீ திரும்பக் காரில் ஏற முதலே சொல்லிவிட்டாயாம். உண்மை எல்லாருக்கும் தெரிந்து, நான் ஒருத்தி மட்டும் பற்றிஸ் கையில் வைத்துக்கொண்டு நாடகம் ஆடியிருக்கிறேன். டிலானி குனிந்தது அடக்கத்தில் இல்லை, சிரிப்பை அடக்க. நான் உனக்குப் பழக்கிய முகத்தை நீ எனக்காகவே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். இரண்டு நாள் உன் போனை நான் எடுக்காததற்குக் காரணம் இதுதான், நான் சாட்டுச் சொன்ன தடிமன் காய்ச்சல் இல்லை.

இதனால் உன் தொழில் நல்ல தொழிலாகிவிட்டது என்று நினைக்காதே. இப்போதும் அதை நான் மதிக்கவில்லை. மடு வருகிற வருடத்தில் அதற்கு வெளிநாட்டுப் பெயர் வைத்துக்கொண்டிருக்காமல், மாமனாரிடம் போய் பஸ் ஓட்டப் பழகு. தோற்ற அன்றைக்கே டிலானிக்குச் சொல், சாப்பிட்ட பிறகு என்று தள்ளிப் போடாதே. சாப்பாட்டு மேசையில் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கண்டால் உடைப்பேன். உனக்கொரு பிள்ளை பிறந்து, நீ கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடக்கிற காலம் வந்தால், யார் கேட்டாலும் அப்பா உள்ளே இருக்கிறார், சுகமில்லை என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும். நான் செய்த பிழையில் பெரியது அதுதான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் அப்பாவிடம் நேற்றுக் கேட்டேன். “இப்பதான் ஞாபகம் வந்ததோ?” என்றார்.

படிவத்தை இப்போது நிரப்பிவிட்டேன். மணமகனின் தொழில்: சீட்டு விளையாடுகிறவர். உன் கூட்டாளி அதை மாற்றக் கூடாது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தந்த மூன்று நிமிடத்தில் அரை நிமிடம் போதும். பல் வைத்தியர், கோயில் சபைத் தலைவர், லண்டனிலிருந்து வருகிற பெரியம்மா எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று, என் மகன் கம்பனியில் வேலை செய்யவில்லை, சீட்டு விளையாடுகிறான், இவ்வளவு நாளும் பொய் சொன்னது நான், அவனில்லை என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவேன். மண்டபமே திரும்பி உன்னைப் பார்க்கும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த நேரத்தில் முகத்தைப் பூட்டி வைக்காதே. வெட்கம் வந்தால் வெட்கப்படு, கோபம் வந்தால் முறைத்துப் பார், அழுகை வந்தால் எல்லாருக்கும் முன்னால் அழு. இருபது வருடமாக நான் அதைக் காணவில்லை.

அம்மா